கைமாறி வந்த ஜிப்ஸி: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டறியும் வழி

பழைய மாருதி ஜிப்ஸி (நான்கு சக்கர இழுவை கொண்ட ஜீப் வகை வண்டி) ஒன்றை வாங்கி வீட்டுக்கு ஓட்டி வரும் வழியிலேயே அது ஏதேதோ சொல்லத் தொடங்கிவிடும். கிளட்சை விட்டால் டக்கென்று ஓர் ஓசை, அறுபதைத் தொட்டால் ஸ்டீயரிங்கில் நடுக்கம், மறுநாள் காலையில் முன் சக்கரத்துக்கு அடியில் எண்ணெய்ப் பொட்டு. வாங்கியவருக்கு வயிற்றைக் கலக்கும். அந்தக் கலக்கத்தில்தான் பெரும்பாலோர் முதல் தவற்றைச் செய்கிறார்கள்: காரணத்தைத் தேடாமல் பாகங்களை மாற்றத் தொடங்குகிறார்கள்.

நான் 2004ஆம் ஆண்டு ஜிப்ஸி கிங் ஒன்றைப் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டக்காரரிடம் வாங்கினேன். வால்பாறைக்கும் அதைச் சுற்றியுள்ள எஸ்டேட் சாலைகளுக்கும் அதில்தான் போகிறேன். இத்தனை ஆண்டுகளில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான்: இந்த வண்டியில் மிரட்டுகிற அறிகுறிகளில் பாதி, சில நூறு ரூபாயில் தீர்பவை. உயிரோடு விளையாடும் கோளாறுகளோ பெரும்பாலும் ஓசை எழுப்புவதே இல்லை. ஆகவே முதல் ஒரு மாதம் மலைக்குப் போகாதீர்கள். சமவெளிச் சாலையில், பாட்டுப் போடாமல், கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுங்கள்.

ஜிப்ஸி 1985இல் 970 சிசி இன்ஜினோடு வந்தது. 1996இல் 1.3 லிட்டர் ஜிப்ஸி கிங் வந்தது. 2000 முதல் எம்பிஎஃப்ஐ, அதாவது கார்புரேட்டருக்குப் பதிலாக ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாகப் பெட்ரோலைப் பீச்சும் முறை. இன்ஜின் மாறினாலும் அடிப்படை அமைப்பு ஒன்றுதான்: ஏணிச் சட்டம், நான்கு மூலைகளிலும் ஸ்பிரிங் பட்டை, இரண்டு முழு ஆக்சில் (சக்கரங்களை இணைக்கும் அச்சு), நடுவில் தனியாகத் தொங்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் (இன்ஜின் விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி). அதனால் கீழே சொல்பவற்றில் பெரும்பகுதி எல்லா ஜிப்ஸிக்கும் பொருந்தும்.

அறிகுறி தேடும் முன்: வடித்துப் பாருங்கள்

இன்ஜின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃபரென்ஷியல், பின் டிஃபரென்ஷியல் என்று ஐந்து இடங்களில் எண்ணெய் இருக்கிறது. டிஃபரென்ஷியல் என்பது ஆக்சிலின் நடுவே இருந்து, இரு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கரத் தொகுதி. முந்தையவர் "போன மாதம்தான் மாற்றினேன்" என்று சத்தியம் செய்தாலும் ஐந்தையும் மாற்றுங்கள். புது எண்ணெய் ஊற்றுவது மட்டும் இதன் நோக்கம் அன்று. வடியும் பழைய எண்ணெய், வண்டி இதுவரை பட்டதைச் சொல்லும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. கீழே உள்ள வடிகால் திருகைத் தொடும் முன், ஊற்றும் திருகு கழல்கிறதா என்று பாருங்கள். எண்ணெயை வடித்துவிட்டு, மேல் திருகு துருப்பிடித்து அசையாமல் நின்றுவிட்டால் வண்டியை நகர்த்தவே முடியாது.

எனக்கு இதைக் கற்றுத் தந்தவர் எங்கள் ஊர் மெக்கானிக் பெரியவர். அலுமினியக் கிண்ணம் ஒன்றில் பின் டிஃபரென்ஷியல் எண்ணெயைப் பிடித்து வெயிலில் வைத்தார். "தம்பி, விரலை விட்டு எடுங்கள். இரண்டு விரலால் தேய்த்துப் பாருங்கள்" என்றார். வழவழப்புக்கு நடுவே மிக மெல்லிய சாந்து போல ஏதோ தட்டுப்பட்டது. "இது தேய்மானம், பயப்பட வேண்டாம். நகத்தில் இடறுகிற அளவுக்குச் சில்லு வந்தால்தான் பல் உடைகிறது என்று பொருள்" என்றார். அன்றிலிருந்து எந்த எண்ணெயையும் விரலால் பார்க்காமல் நான் கொட்டுவதில்லை.

எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆற்றில் இறங்கிய வண்டிகளில் இது சாதாரணம். ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, தேய்ந்த சீல் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம்) வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். புது எண்ணெய் ஊற்றி ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடியும் வடித்துப் பாருங்கள். அதே பால் நிறம் இன்ஜின் எண்ணெயில் தெரிந்தால் கதை வேறு: இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். ஊட்டி, வால்பாறை போன்ற குளிர்ந்த ஊர்களில் தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில், எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்ணுரை படிவது உண்டு. அது ஈரப்பதம்தான். டிப்ஸ்டிக்கில் எண்ணெய் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

நான்கு சக்கரத்தில் போட்டும் முன் சக்கரம் இழுக்கவில்லை

புதிதாக வாங்கியவர்கள் அதிகம் பதறுவது இதற்குத்தான். டிரான்ஸ்ஃபர் கேஸின் சின்ன லீவர் 4எச்சில் இருக்கிறது (2எச் என்றால் பின் சக்கர இழுவை மட்டும், 4எச் நான்கு சக்கர இழுவை, 4எல் மெதுவான, வலுவான நான்கு சக்கர இழுவை), விளக்கும் எரிகிறது, ஆனால் சேற்றில் பின் சக்கரங்கள் மட்டும் சுழல்கின்றன. உடனே டிரான்ஸ்ஃபர் கேஸ் போய்விட்டது என்று யாராவது சொல்வார்கள். நம்பாதீர்கள். முன் சக்கரத்தின் நடுவில் பாருங்கள்.

அங்கே கையால் திருப்பும் ஹப் இருக்கிறது. அதில் ஃப்ரீ, லாக் என்று இரண்டு நிலைகள். ஃப்ரீயில் இருந்தால் சக்கரம் ஆக்சிலோடு தொடர்பில்லாமல் தானாக உருளும். வண்டிக்குள் எரியும் விளக்கு லீவர் எங்கே இருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். ஹப் நிலை அதற்குத் தெரியாது. இரண்டு ஹப்களும் லாக்கில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் பிடிக்காமல் இருந்தாலும் முன் இழுவை முழுதும் போய்விடும். ஏனென்றால் டிஃபரென்ஷியல் எதிர்ப்பு இல்லாத பக்கத்துக்கே சுழற்சியைத் தள்ளிவிடும். தரையைப் பற்றி நிற்கும் சக்கரம் சும்மா இருக்கும்.

ஹப் உண்மையாகவே பிடிக்கிறதா என்று இப்படிச் சோதியுங்கள். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். லீவரை 2எச்சில் வையுங்கள். ஒரு முன் சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, வண்டிக்கு முட்டுக் கொடுத்த பிறகு இரண்டு ஹப்களையும் லாக்கில் திருப்பி, தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். கீழே, டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன் ஆக்சிலுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் சேர்ந்து சுழல வேண்டும். தூக்கிய பக்க ஹப்பை ஃப்ரீயில் திருப்பிச் சுற்றினால் ஷாஃப்ட் நிற்க வேண்டும். மறுபக்கமும் இதே சோதனை. பத்து நிமிட வேலை.

லாக்கில் திருப்பியும் ஷாஃப்ட் சுழலவில்லை என்றால் ஹப்பைக் கழற்றிப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் யாரும் திருப்பாத ஹப்பில் கிரீஸ் காய்ந்து சீயக்காய் விழுது போல ஒட்டிக் கிடக்கும். மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, மெல்லிய பூச்சாக மட்டும் கிரீஸ் தடவுங்கள். நல்லது என்று நினைத்து அள்ளி அடைத்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் வேலை செய்யாது, மறுபடியும் அதே கோளாறு வரும். பிறகு மாதம் ஒரு முறையாவது ஹப்பை லாக்கில் போட்டுப் பத்துக் கிலோமீட்டர் 2எச்சில் ஓட்டுங்கள். முன் ஆக்சிலுக்குள் எண்ணெய் பரவும்.

எந்த கியரிலும் வண்டி நகரவில்லை

கிளட்ச் போய்விட்டது என்று முடிவு கட்டும் முன் சின்ன லீவரைப் பாருங்கள். 4எச்சுக்கும் 4எல்லுக்கும் நடுவில் ஒரு நியூட்ரல் இருக்கிறது. முழங்கால் பட்டோ, அரைகுறையாகத் தள்ளியோ அதில் நின்றுவிட்டால் எந்த கியர் போட்டாலும் பயனில்லை. இதே காரணத்தால், சரிவில் வண்டியை முதல் கியரில் விட்டு நிறுத்தினாலும் சின்ன லீவர் நியூட்ரலில் இருந்தால் வண்டி உருண்டுவிடும்.

தார்ச்சாலையில் திரும்பும்போது யாரோ பிடித்து இழுப்பது போல இருக்கிறது

4எச்சில் இருக்கிறீர்கள். இது கோளாறே அன்று. இந்த வண்டியில் முன், பின் ஆக்சில்களுக்கு நடுவே டிஃபரென்ஷியல் கிடையாது. வளைவில் முன் சக்கரங்கள் அதிக தூரம் ஓட வேண்டும், ஆனால் இரண்டு ஷாஃப்ட்டுகளும் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டிருக்கின்றன. சேற்றில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும். காய்ந்த தார் வழுக்க விடாது. முறுக்கம் முழுதும் பல்சக்கரங்களில் ஏறும். அந்த நிலையில் லீவர் 2எச்சுக்கு வர மறுக்கும். அடித்து இழுக்காதீர்கள். நேராகப் பின்னோக்கிச் சில மீட்டர் போனால் முறுக்கம் தளர்ந்து லீவர் தானாக வந்துவிடும்.

ஐம்பது, அறுபதில் ஸ்டீயரிங் பயங்கரமாக நடுங்குகிறது

ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும். அடுத்த நொடி முன் ஆக்சில் முழுதும் இடவலமாக உதறும். வேகத்தைக் குறைத்தால்தான் நிற்கும். முதன்முறை அனுபவித்தபோது எனக்குக் கை வெலவெலத்துப் போனது. ஒரு பட்டறையில் ஸ்டீயரிங் பாக்ஸை மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன். நடுக்கம் அப்படியே இருந்தது. அந்தப் பணம் போன பிறகுதான் வரிசையாகத் தேடக் கற்றுக்கொண்டேன்.

முதலில் காற்று. ஜிப்ஸி ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள லேசான வண்டி. பெட்ரோல் பங்கில் கேட்காமலே 35 பிஎஸ்ஐ காற்று அடித்துவிடுவார்கள். டயர் பந்து போலத் துள்ளும். வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்குக் கொண்டு வந்து ஓட்டிப் பாருங்கள். அடுத்தது வீல் பேலன்சிங். ரிம்மின் உட்பக்கத்தில் காய்ந்து ஒட்டிய சேற்றுக் கட்டிகூட இந்த நடுக்கத்தைக் கொடுக்கும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பேலன்சிங் பாருங்கள். முந்தையவர் பெரிய டயர் மாட்டியிருந்தால், பழைய அளவு டயரை இரவல் வாங்கியாவது ஒரு நாள் ஓட்டிப் பார்ப்பது நல்லது.

பிறகு, ஸ்டீயரிங் அசைவைச் சக்கரங்களுக்குக் கொண்டு போகும் டை ராட் கம்பிகளின் முனைகள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இருபுறமும் சிறிதாக ஆட்டட்டும். நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டிலும் உள்ளங்கையை வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத லொடலொடப்பு கைக்குத் தெரியும்.

அதற்கடுத்தது கிங் பின், அதாவது முன் சக்கரம் இடவலம் திரும்பும் அச்சாணி. என் வண்டியில் குற்றவாளி இதுதான். முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து உள்ளும் வெளியும் அசையுங்கள். ஆட்டம் இருந்தால் அது வீல் பேரிங்காகவும் இருக்கலாம், கிங் பின் பேரிங்காகவும் இருக்கலாம். பிரித்தறிய எளிய வழி உண்டு. ஒருவரைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடியும் அசையுங்கள். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். மறையாவிட்டால் கிங் பின். பிரேக் பிடித்ததும் சக்கரமும் அதைத் தாங்கும் நக்கிளும் ஒன்றாக இறுகிவிடும். அதற்கு மேலும் ஆடினால் நக்கிளே ஆடுகிறது என்று பொருள்.

கிங் பின் பேரிங்குக்கு மேலே மெல்லிய தகடுகள் வைத்து இறுக்கத்தைச் சரிசெய்வார்கள். ஆட்டம் தெரியாவிட்டாலும் இறுக்கம் போதாமல் நடுக்கம் வரும். அனுபவமுள்ள மெக்கானிக் டை ராடைக் கழற்றி, மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசு போன்ற ஒன்றால் நக்கிளை இழுத்து எவ்வளவு எடையில் அசைகிறது என்று பார்ப்பார். இதைச் செய்பவரிடம் வண்டியை நம்பிக் கொடுக்கலாம். அதிர்வை அமுக்கும் ஸ்டீயரிங் டேம்பரை மட்டும் மாற்றினால் நடுக்கம் சில மாதம் மறையும், ஆனால் காரணம் உள்ளேயே இருக்கும். ஸ்பிரிங் பட்டையின் முனைகளில் உள்ள புஷ்களையும் மறக்க வேண்டாம். ஸ்டீயரிங் பாக்ஸ் இந்தப் பட்டியலில் கடைசி.

முன் சக்கரத்தின் உட்பக்கம் எண்ணெய் வழிகிறது

விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். கந்தக நெடியோடு கெட்டியாக இருந்தால் கியர் எண்ணெய். கறுத்த கிரீஸாகத் திரண்டிருந்தால் நக்கிள் உருண்டையைத் துடைக்கும் வெளி சீல் தேய்ந்திருக்கிறது. அதில் அவசரம் இல்லை. நீர் போல மெல்லியதாக, தண்ணீரில் கழுவினால் கரைவதாக இருந்தால் அது பிரேக் எண்ணெய். அந்த நிமிடமே வண்டியை நிறுத்திவிடுங்கள்.

கியர் எண்ணெய் என்று தெரிந்ததும் சீல் வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள். ஆக்சிலின் மேல் பிரீதர் என்று சின்னதாக ஒரு மூச்சுத் துளை இருக்கிறது. சேறு அடைத்துக்கொண்டால் உள்ளே சூடேறி அழுத்தம் கூடி, நல்ல சீல் வழியாகக்கூட எண்ணெயை வெளியே தள்ளும். கம்பியால் குத்திச் சுத்தம் செய்து ஒரு வாரம் பாருங்கள். கசிவு தொடர்ந்தால் உள் சீலை மாற்றுங்கள்; நக்கிளைத் திறப்பதால் கிங் பின் பேரிங்கையும் அப்போதே பார்த்துவிடலாம்.

கிளட்சை விடும்போது டக்கென்று அடிக்கிறது

ஜிப்ஸியில் மூன்று புரொப்பெல்லர் ஷாஃப்ட்டுகள்: கியர்பாக்ஸிலிருந்து டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு ஒரு குட்டை ஷாஃப்ட், அங்கிருந்து முன்னுக்கும் பின்னுக்கும் ஒவ்வொன்று. அவற்றின் முனைகளில், சாய்ந்த நிலையிலும் சுழல விடும் ஆறு யூ ஜாயின்ட் கிராஸ்கள். டார்ச் அடித்து ஒவ்வொரு கிராஸின் மூடியோரத்தையும் பாருங்கள். செங்கல் பொடி போல மெல்லிய சிவப்புத் தூள் படிந்திருந்தால் உள்ளே கிரீஸ் வற்றி ஊசி பேரிங்குகள் துருவாகிக்கொண்டிருக்கின்றன. அந்த கிராஸை மாற்றியே ஆக வேண்டும். ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் இரு பக்கமும் சுண்ணாம்புக் கோடு போட்டு, அதே நிலையில் திரும்ப மாட்டுங்கள். இல்லாவிட்டால் புது அதிர்வு ஒன்று வந்து சேரும்.

கிராஸ்கள் நன்றாக இருந்தும் அடித்தால் டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாங்கும் ரப்பர்களைப் பாருங்கள். ரப்பர் கிழிந்திருந்தால் கிளட்சை விடும்போது சின்ன லீவரும் சேர்ந்து துள்ளும். வேகமாக ஓட்டும்போது 2எச்சிலிருந்து தானாகக் கழன்றுகொள்ளும் வண்டிகளிலும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

மேட்டில் போகப் போக இழுவை குறைகிறது, நிறுத்தி வைத்தால் சரியாகிறது

பெட்ரோல் போதாமல் தவிக்கிறது. இழுவை குறையும் அந்த நேரத்திலேயே ஓரங்கட்டி, டாங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போனால் டாங்கின் மூச்சு வழி அடைபட்டிருக்கிறது. அப்படி இல்லையென்றால் ஃபில்டர், அதற்குப் பிறகு பம்ப். நீண்ட நாள் நின்றிருந்த வண்டியில் டாங்கின் அடியில் துரு இருக்கும். மேட்டில் அது கலங்கி ஃபில்டரை அடைக்கும். இப்போது பங்குகளில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால், பழைய ரப்பர் குழாய்கள் அனைத்தையும் ஒரு முறை மாற்றிவிடுவதே என் கருத்து. வளைத்தால் வெடிப்புத் தெரியும் குழாயைச் சூடான இன்ஜினுக்குப் பக்கத்தில் விட்டுவைக்கக் கூடாது.

சூடு ஏறுகிறது

ரேடியேட்டரை வெளியிலிருந்து பாருங்கள். சேறும் புல் விதையும் துடுப்புகளில் அடைத்திருந்தால் தண்ணீரை மெதுவாகப் பாய்ச்சிக் கழுவுங்கள். மூடி, தெர்மோஸ்டாட், விசிறி என்று பிறகு போகலாம். ஜிப்ஸி கிங்கின் இன்ஜின் அலுமினியம். முள் சிவப்பைத் தொட்ட பிறகும் "இன்னும் இரண்டு வளைவுதான்" என்று ஓட்டினால் ஹெட் வளைந்துவிடும். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால், தண்ணீர் பம்ப்பைப் பார்க்கும் அதே வேலையில் பெல்ட்டையும் மாற்றுங்கள்.

ஓசையே இல்லாதவை

கால்மிதிகளை முழுவதுமாகத் தூக்குங்கள். ஈர நெடி அடித்தால் தரைத் தகடு உள்ளே அழுகிக்கொண்டிருக்கிறது. பிறகு சிறிய சுத்தியலோடு சட்டத்தின் அடியில் படுத்து, ஸ்பிரிங் பட்டை பொருந்தும் இடங்களையும் ஸ்டீயரிங் பாக்ஸ் பூட்டியிருக்கும் இடத்தையும் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். சொத்தென்று ஒலித்தால் பெயின்ட்டுக்கு அடியில் துரு. ஸ்டீயரிங் பாக்ஸின் போல்ட்டுகளைச் சுற்றி மயிரிழை போல விரிசல் தெரிந்தால் சட்ட வேலை தெரிந்தவர் வெல்டிங் செய்யும் வரை வண்டியை எடுக்காதீர்கள்.

கடைசியாக பிரேக். வண்டியை நிறுத்தி, இன்ஜின் ஓட, பெடலை அழுத்தி அரை நிமிடம் அப்படியே பிடியுங்கள். கல் போல நிற்க வேண்டும். மெதுவாகக் கீழே இறங்கினால், பெடல் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டருக்குள் எண்ணெய் நழுவுகிறது. வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசியாது. பின் டிரம்களையும் கழற்றிப் பாருங்கள். ஆக்சில் சீல் போன வண்டியில் பிரேக் ஷூ கியர் எண்ணெயில் ஊறிக் கிடக்கும்.

பிரேக் எண்ணெய்க் கிண்ணத்தில் உள்ளது கடுங்காப்பி போலக் கறுத்திருந்தால் முழுவதையும் மாற்றுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் எண்ணெய். சமவெளியில் நன்றாகவே பிடிக்கும். வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில், பாதிக்கு மேல் இறங்கிய பிறகு, உள்ளே இருக்கும் ஈரம் கொதித்து ஆவியாகி, பெடல் பஞ்சு போலத் தரைக்குப் போய்விடும். புது எண்ணெய் மாற்றி, குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்றி, வெறும் சாலையில் நாலைந்து முறை அழுத்திப் பிடித்துப் பார்த்த பிறகு மலைக்குக் கிளம்புங்கள். இறங்கும்போது, ஏறிய அதே கியரில் இறங்குங்கள்.